செட்ச்வாயோ கேலிச்சித்திரத்தின் அசல் அச்சை அறிவது எப்படி?

1879 ஜூலையில் உலுண்டிப் போரில் ஆங்கிலேயரிடம் தோற்று அரியணை இழந்த, தென்னாப்பிரிக்காவின் ஜூலு இன மன்னர் செட்ச்வாயோ, தம் நாட்டைத் திரும்பக் கேட்டு 1882-இல் லண்டன் சென்றார். அந்த ஆகஸ்டிலேயே 'வேனிட்டி ஃபேர்' வார இதழ் அவரது வண்ணக் கேலிச்சித்திரத்தை வெளியிட்டது. அதன் அசல் அச்சு என்று சொல்லி ஒருவர் ஒரு தாளை நீட்டினால், விலை பேசும் முன் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முகத்தின் நிழல் பகுதியைப் பாருங்கள். கல்லில் வரைந்து தாளில் பதிக்கும் அக்காலக் கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் பயன்பட்டதால், புள்ளிகள் மணலை இறைத்தாற்போல ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். ஓரங்களில் ஒரு வண்ணம் மற்றொன்றை விட்டு மயிரிழை விலகியும் நிற்கலாம், அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். மாறாக, புள்ளிகள் வரிசை பிசகாமல் சிறு பூ வடிவில் சேர்ந்திருந்தால் அது பிற்கால ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சிட்ட நகலே.

பிறகு படத்தின் அடியிலுள்ள எழுத்துகளைப் படியுங்கள். ஓவியர் லெஸ்லி வார்டின் புனைபெயரான 'ஸ்பை' ஒப்பமாக இருக்க வேண்டும். தாளின் பழுப்பு நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். தேநீரில் நனைத்தாலும் அந்த நிறம் வந்துவிடும்.

அசல்தான் எனத் தெளிந்தபின், அமிலமற்ற அட்டையில் வைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். செல்லோடேப் மட்டும் ஒட்டவே கூடாது.