மொட்டை மாடியில் மாயாஜாலப் படம்: கடலூர்க் காற்றுக்கேற்ற ஏற்பாடு

ஏகப்பட்ட நடிகர்கள் சேர்ந்து நடித்த மாயாஜாலப் படத்துக்கு ருசியே ஓரங்களில்தான். ஒருவர் வசனம் பேசும்போது பின்னால் நிற்பவர் முகம் எப்படிப் போகிறது, இருட்டுக்குள் எது அசைகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். அதனால் திரையைப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். 2,500 ஆன்சி லூமென்ஸ் (வெளிச்சத்தை முறைப்படி அளந்து சொல்லும் கணக்கு) ப்ரொஜெக்டருக்கு 8 அடி அகலம் போதும். ‘ஆன்சி’ இல்லாமல் பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கை நம்ப வேண்டாம்.

தேவனாம்பட்டினம் பக்கம் சாயங்காலக் கடல்காற்றில் துணித்திரை பாய்மரமாகிவிடும். மாடிப்படி அறையின் மேற்குப் பார்த்த சுவரில் பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். காற்றும், பௌர்ணமியானால் நிலா வெளிச்சமும் சுவருக்குப் பின்னால் நின்றுவிடும். கோடையில் மேற்கு வெளிச்சம் அடங்க 7.15 ஆகும், அவசரப்பட்டால் குகைக் காட்சியெல்லாம் சாம்பல் பூத்துத் தெரியும்.

பலர் கோட்டை விடுவது ஈரத்தில்தான். ப்ரொஜெக்டரை ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கையோடு போட்டால் லென்ஸில் ஆவி படரும். துடைத்தால் கோடு விழும். அரை மணி நேரம் முன்பே மாடியில் வைத்துவிடுங்கள்.

படத்தைச் சுவரில் நேராக்க கீஸ்டோனை (கோணலான படத்தை ப்ரொஜெக்டரே நேராக்கிக் காட்டும் வசதி) திருகாதீர்கள், கூர்மை போய்விடும். மேசையைத்தான் நகர்த்த வேண்டும். நிறத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ வேண்டாம், ‘சினிமா’ மோடு வையுங்கள். ஹெச்டிஆர் பிரதி (வெளிச்சம்-இருட்டு வித்தியாசத்தைக் கூட்டித் தயாரித்தது) சாதாரண ப்ரொஜெக்டரில் வெளிறும். எஸ்டிஆர் என்னும் வழக்கமான பிரதி இருந்தால் அதுவே நல்லது. ஸ்பீக்கர் சுவரோரம், ஒயரில். ப்ளூடூத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

பழைய படத்தை அகலத்துக்கு இழுப்பது பாவம். 1957-இல் வந்த ‘மாயா பஜார்’ இந்தத் திரையின் நாலரை அடி உயரத்துக்கு ஆறடி சொச்சம்தான் அகலம் பிடிக்கும். இரு பக்கமும் கறுப்பாகவே இருக்கட்டும். கடோத்கஜன் வத்சலா உருவெடுத்த பிறகு வத்சலாவாக வரும் சாவித்திரி முகத்தைக் கவனியுங்கள்: நாணம் நடிக்கும்போதே கடோத்கஜனாக நடித்த ரங்காராவின் மிடுக்கு எட்டிப் பார்த்து மறையும். இழுத்த படத்தில் அது உப்பிய கன்னமாகத்தான் தெரியும். சுவரிலிருந்து முன்வரிசை பத்தடி, கடைசி வரிசை இருபதடி. அதற்கு அப்பால் உட்கார்ந்தவருக்குக் கூட்டத்தில் யார் யாரென்று பிடிபடாது.

சுண்டலை முதல் இருபது நிமிஷம் கழித்துக் கொடுங்கள். ஆட்கள் அறிமுகமாகும் நேரம் அது; கிண்ணத்தைப் பார்த்தவர் பிறகு படம் முழுக்க “இவர் யாரு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.