ஒரே கோப்பில் சொந்த வலைப்பக்கம்: எழுதுவது முதல் இணையத்தில் ஏற்றுவது வரை

உங்கள் பெயர், செய்யும் வேலை, எழுதியவற்றுக்கான இணைப்புகள், ஒரு மின்னஞ்சல் முகவரி. இவ்வளவுதான் தேவை என்றால் வேர்டுபிரஸும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம். ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு (வலைப்பக்கத்தை எழுதும் மொழியில் அமைந்த சாதாரண எழுத்துக் கோப்பு) போதும். 1991-இல் செர்ன் ஆய்வு மையத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் வலைத்தளம் வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். அதன் பழைய பிரதி ஒன்று இன்றைய பிரவுசரிலும் சிக்கலில்லாமல் திறக்கிறது. எளிமையாகச் செய்த பக்கத்துக்கு ஆயுள் அதிகம்.

ஒரு முன்குறிப்பு: டேக்குகள் (பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் அடையாளங்கள்), கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பு மட்டும் தமிழில் இருக்கிறது.

கோப்பும் அதன் பெயரும்

பக்கம் வரவில்லை என்று தவிப்பவர்களில் பலருக்குச் சிக்கல் கோடிங்கில் இருக்காது, பெயரில் இருக்கும். புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, அதற்குள் "இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்" என்ற பெயரில் கோப்பைச் சேமியுங்கள். முகவரியை மட்டும் தட்டி வருபவருக்குச் சர்வர் தேடி எடுத்துக் கொடுப்பது இந்தப் பெயருள்ள கோப்பைத்தான். விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றாவிட்டால், பெயரின் வாலில் "டாட் டிஎக்ஸ்டி" ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது. ஃபோல்டரின் வியூ மெனுவில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்து சரிபாருங்கள்.

தலைப்பகுதியில் இருக்க வேண்டியவை

முதல் வரி டாக்டைப், அதாவது இது எச்டிஎம்எல் ஆவணம் என்று அறிவிக்கும் வரி. அது இல்லாவிட்டால் பிரவுசர் பழங்காலத்துப் பக்கம் என்று நினைத்து, அளவுகளை வேறு விதமாகக் கணக்கிடும். அடுத்து எச்டிஎம்எல் டேக். அதில் லாங் என்பதற்கு "டிஏ" கொடுங்கள். திரையை வாசித்துக் காட்டும் செயலிகள் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க இது உதவும்.

ஹெட் பகுதிக்குள் முதல் வேலையாக மெட்டா சார்செட் "யுடிஎஃப்-8" என்று எழுதுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்தாக வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். "தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறியீடுகள், ஆக 15 பைட். இந்த மெட்டா வரி விட்டுப்போனால் பிரவுசர் அந்த 15 பைட்டையும் தனித்தனி எழுத்தாகப் படித்து, கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகளாகக் கொட்டிவிடக்கூடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பத்தி என்றால் இந்த வரியாலும் பயனில்லை. உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

அடுத்தது வியூபோர்ட் மெட்டா. இது இல்லாத பக்கத்தை மொபைல் பிரவுசர்கள் பொதுவாக 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பாகிவிடும். "விட்த்=டிவைஸ்-விட்த்" என்று கொடுத்தால் தீர்ந்தது. பிறகு டைட்டில், அதாவது பிரவுசர் டேபில் தெரியும் பெயர்.

உடலும் தோற்றமும்

பாடி பகுதியில் உங்கள் பெயருக்கு ஒரே ஒரு எச்1, பத்திகளுக்கு பி, இணைப்புகளுக்கு ஏ. இவையே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்-ஐ அதே கோப்பில் ஸ்டைல் டேக்குக்குள் எழுதலாம். பாடிக்கு மேக்ஸ்-விட்த் 38இஎம் (இஎம் என்பது எழுத்தின் அளவைப் பொறுத்த அலகு), மார்ஜின் 0 ஆட்டோ, பேடிங் 1இஎம், ஃபாண்ட்-சைஸ் 18 பிக்சல், லைன்-ஹைட் 1.7. ஆங்கிலத்துக்குப் பொருந்தும் 1.4 தமிழுக்கு நெருக்கடி. மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் உரசும். ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, மொபைலில் வரிக்கு மூன்று சொல் மட்டும் நின்று நடுவே பள்ளம் விழும்.

படங்கள்

மொபைலில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலத்தில் சில எம்பி இருக்கும். 1200 பிக்சலுக்குக் குறைத்து, 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கக்கூடும். ஏற்றுவதற்கு முன் அதை நீக்குவது கட்டாயம்.

உங்கள் கணினியில் தெரியும் படம் இணையத்தில் தெரியாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எஸ்ஆர்சி-யில் சி டிரைவில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்திருப்பீர்கள். படத்தை அதே ஃபோல்டரில் வைத்து, பெயரை மட்டும் கொடுங்கள். இரண்டு, கேமரா பெரிய எழுத்தில் "ஜேபிஜி" என்று வைத்திருக்க, நீங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு.

இணையத்தில் ஏற்றுதல்

இலவசமாக ஏற்ற கிட்ஹப் பேஜஸ் நல்ல வழி. கோப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் தரும் வலைப்பக்கச் சேவை அது. தளத்துக்கு 1 ஜிபி வரை இடம். கணக்குத் தொடங்கும்போது யூசர்நேமை யோசித்து வையுங்கள், அதுவே முகவரியாகும். பிறகு "நியூ ரெப்பாசிட்டரி" (கோப்புகளுக்கான புது இடம்) அழுத்தி, பெயராக "யூசர்நேம் டாட் கிட்ஹப் டாட் ஐஓ" என்று கொடுங்கள், யூசர்நேம் என்ற இடத்தில் உங்களுடையது வர வேண்டும். பப்ளிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். "அப்லோட் ஃபைல்ஸ்" வழியாகக் கோப்புகளை இழுத்துப் போட்டு "கமிட் சேஞ்சஸ்" அழுத்துங்கள், மாற்றங்கள் பதிவாகும். செட்டிங்ஸில் பேஜஸ் பக்கத்துக்குப் போய், மெயின் கிளையும் (கோப்புகளின் முதன்மைத் தொகுப்பு) ரூட்டும் (அதன் மேல்மட்ட ஃபோல்டர்) தேர்வாகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இங்கேதான் ஒரு தவறு நடக்கும்: கோப்புகளுக்குப் பதில் ஃபோல்டரையே இழுத்துப் போடுவது. அப்போது இண்டெக்ஸ் கோப்பு ஒரு படி உள்ளே போய்விடும், முகவரியில் 404, அதாவது பக்கம் இல்லை என்ற செய்தி வரும். ரெப்பாசிட்டரியில் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பும் இருந்தால் அது உங்கள் பக்கத்தின் இடத்தில் தோன்றும்.

பக்கம் வெளியாக 10 நிமிடம் வரை பிடிக்கலாம். திருத்தியது தெரியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசர் பழைய பிரதியை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்கும்.

பப்ளிக் ரெப்பாசிட்டரியில் தவறுதலாக ஏற்றிய கோப்பை அழித்தாலும் அது மாற்றங்களின் பதிவான ஹிஸ்டரியில் இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். வீட்டு முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை ஸ்கேன் எதுவும் அந்த ஃபோல்டரில் கிடக்கிறதா என்று கமிட் அழுத்துவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.