அல்சூர் ஏரிக்கரையில் நீர்வண்ண நிலக்காட்சி தீட்டும் முறை

பெங்களூரில் நிலக்காட்சி பழகுவோர் பலர் ஞாயிறுதோறும் புதிய இடம் தேடி அலைகின்றனர். அதைவிட, வீட்டுக்கு அருகிலுள்ள ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, பருவம் மாறும்வரை அங்கேயே திரும்பத் திரும்பத் தீட்டினால்தான் கை தேறும் என்பது என் கருத்து. அல்சூர் பகுதியில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு, 2009-இல் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்ட அந்த ஏரிக்கரையே போதும். நீர்ப்பரப்பு, மரங்கள் அடர்ந்த தீவுத் திட்டுகள், அவற்றுக்குப் பின்னே கட்டடங்கள் என அண்மையும் தொலைவும் அங்கே தாமாகவே அமைந்திருக்கின்றன.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளே வாங்குங்கள். அதைவிட மெல்லிய தாள் நீர் பட்டதும் அலைபோல் நெளியும். வண்ணங்கள் நிறைய வேண்டியதில்லை: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), லெமன் எல்லோ, ஒரு சிவப்பு. கறுப்பு தேவையே இல்லை. முதலிரண்டையும் கலந்தால் கிடைக்கும் சாம்பல் நிறம், கடையில் வாங்கும் கறுப்பைக் காட்டிலும் உயிர்ப்பானது.

காலையில், வெயில் பக்கவாட்டில் விழும்படி அமருங்கள். கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின்னே இருந்தால் நிழல்கள் மறைந்து காட்சி தட்டையாகிவிடும். தாள் மட்டும் நிழலில் இருக்கட்டும், ஏனெனில் நேர்வெயிலில் பளிச்சென்று தெரியும் ஓவியம் வீட்டுக்குள் வந்ததும் இருண்டுபோகும். வண்ணத்தைத் தொடுமுன், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, உள்ளங்கை அளவில் ஒரு பென்சில் குறிப்பு வரைந்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு ஆகிய மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நிழல்கள் இடம் பெயர்ந்துவிடும் என்பதால், பிறகு அவற்றைத் துரத்தாமல் அந்தக் குறிப்பையே நம்பித் தீட்ட வேண்டும். ஊக்கம் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புதான் மருந்து.

பலகையைச் சற்றே சாய்த்து, வானத்தையும் நீரையும் ஒரே ஓட்டத்தில் மெல்லிய வண்ணமாகப் பூசுங்கள். தாளின் மினுமினுப்பு அடங்கி, ஈரம் மட்டும் எஞ்சியிருக்கும் தறுவாயில், நீர் குறைந்த கெட்டியான வண்ணத்தால் தொலைமரங்களை வைத்தால் ஓரங்கள் பனிபோல் கரையும். ஊட்டிக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டிய கே. வெங்கடப்பாவின் (1886–1965) படைப்புகளைக் காண வாய்த்தால், அத்தகைய மென்மையான ஓரங்களைக் கூர்ந்து பாருங்கள். அந்நிலையில் தண்ணீர் மிகுந்த தூரிகையை மட்டும் வைத்துவிடாதீர்கள். பூக்கோசு போன்ற கறை படர்ந்துவிடும். அடுத்த பூச்சுக்கு முன் புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள்: குளிர்ந்திருந்தால் இன்னும் காயவில்லை. மார்ச்சில் சட்டென்று காய்வது, டிசம்பர் காலையில் பொறுமையைச் சோதிக்கும். காய்ந்தபின் வண்ணம் வெளிறும் என்பதால், முதலிலேயே ஒரு படி அழுத்தமாகக் கலந்துகொள்வது நல்லது.

எதிரொளியில், அதாவது நீரில் தெரியும் பிம்பத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். நிழல் கதிரவனுக்கு எதிர்ப்புறம் சாயும்; எதிரொளியோ எப்போதும் பொருளுக்கு நேர்கீழேதான் விழும். இருண்ட மரம் நீரில் சற்று வெளிறியும், வெளிறிய சுவர் சற்று மங்கியும் தெரியும்.

தீட்ட இயலாத நாட்களில், நேரம், வெயிலின் திசை, கண்ணில் பட்ட ஒரு நிறச்சேர்க்கை ஆகியவற்றைச் சிறு நோட்டில் எழுதி வையுங்கள். தை, மாசியில் இளஞ்சிவப்பு தபேபுயா, கோடையில் குல்மோகர் என்று சாலையோர மரங்களே பாடம் நடத்தும் ஊர் இது. ஜனவரியில் குமாரகிருபா சாலையில் கர்நாடகச் சித்திரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தையில், பிறர் இதே ஊரை எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பியதும் ஓவியத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இடவலம் மாறும்போது சாய்ந்த மரமும் கோணிய கரையும் உடனே புலப்படும். திருத்தத்தை அதே தாளில் செய்யாமல், மறுநாள் புதிய தாளில் செய்யுங்கள்.