திருவிழாக் காலத்து யாழ்ப்பாணத்தைப் பார்த்து வீடு வாங்காதீர்கள்

வாடகைக்கு விட யாழ்ப்பாணத்தில் வீடு வாங்க நினைக்கும் பலர், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கையோடு தேடத் தொடங்குகிறார்கள். முதல் பிழை அதுதான். அந்த 25 நாளும் கோயிலைச் சுற்றி அறை கிடைப்பதே பெரும்பாடு. கேட்ட காசைக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கி வருமானம் என்று எழுதிவிடாதீர்கள். மிச்ச மாதங்களில் உங்கள் வீட்டில் இருக்கப்போவது போதனா வைத்தியசாலைக்கு மாற்றலாகி வந்த தாதியோ, வங்கி உத்தியோகத்தரோ, பல்கலைக்கழக மாணவரோதான். அவர்கள் கையில் உள்ளதுதான் வாடகை.

காணி விலையோ அந்தச் சம்பளத்தைப் பார்த்து ஏறுவதில்லை. புலம்பெயர்ந்தவர்களின் ஊர்ப்பாசத்தைப் பார்த்து ஏறுகிறது. ஒரு பேச்சுக்கு, 3 கோடிக்கு வாங்கிய வீடு மாதம் 60,000 ரூபாய் தருகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 7,20,000, போட்ட முதலில் 2.4 சதவீதம். ஆதனவரி, திருத்தவேலை, ஆளில்லாத மாதங்கள் எல்லாம் இதற்குள்ளேதான். பல்கலைக்கழகத்தை அண்டிய திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் அறை அறையாக மாணவருக்கு விட்டால் கணக்குக் கொஞ்சம் நிமிரும். ஆனால் பல்கலைக்கழகம் பூட்டினால் அறையும் பூட்டுத்தான்.

தரகர் காணி உறுதியின் (பத்திரத்தின்) பிரதியைக் காட்டினால் போதும் என்று இருப்பது இன்னும் பெரிய பிழை. இங்கே தேசவழமை என்று யாழ்ப்பாணத் தமிழருக்கான தனிச் சட்டம் உண்டு. பங்குக் காணியில் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்பதானால், மற்றப் பங்காளிகளுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கு. பாரிஸில் இருக்கும் அண்ணனுக்குச் சொல்லாமல் தம்பி விற்றால், வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். மணமான பெண் விற்றால் கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். அப்புறம், நீங்களே இலங்கைக் குடியுரிமையை விட்டவராக இருந்தால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் பெயரில் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் முடியும். மச்சான் பெயரில் எழுதிவைக்கும் யோசனையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

திருவிழாக் காலத்தால் ஒரு நன்மை உண்டு. அது வறட்சி நேரம். கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பாருங்கள். மாரியில் நல்ல தண்ணீராக இருப்பது அப்போது சவராக இருக்கலாம். கிணறு உங்களுடையதா, பங்குக் கிணறா என்பதையும் உறுதியில் பாருங்கள். ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறதா என்று பார்க்க மட்டும் கார்த்திகையில் இன்னொருமுறை வரவேண்டியிருக்கும்.