இருவருக்கான முதல் கேம்பர் பயணம்: சேலத்திலிருந்து ஏற்காட்டில் மூன்று இரவுகள்

கேம்பர் வண்டி, அதாவது உள்ளேயே படுத்துத் தூங்க வசதி செய்த வண்டி என்றதும் பலருக்கு லடாக்கும் கோவாவும்தான் நினைவுக்கு வருகின்றன. சேலத்தில் குடியிருக்கும் நானும் என் மனைவியும் முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தது வீட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கும் ஏற்காட்டைத்தான். ஏதேனும் மறந்துபோனாலோ பழுதானாலோ அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். அதே சமயம் கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், குளிர், சரிவான நிலம் என்று புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தேவையான பாடம் அனைத்தும் சேர்வராயன் மலையிலேயே கிடைக்கிறது. மூன்று இரவுகளுக்கு இரண்டு இடங்கள் போதும். தினமும் இடம் மாற்றினால் கட்டுவதிலும் பிரிப்பதிலுமே பொழுது போய்விடும்.

படி 1: வண்டி

வாடகைக்கு எடுப்பதானால் முதலில் எண் பலகையைப் பாருங்கள். நாமே ஓட்டிச் செல்லும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைப்பது சிக்கலாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

சொந்தமாக ஆம்னி, ஈக்கோ போன்ற சிறு வேன் இருந்தால் அதுவே இருவருக்குப் போதும். ஆனால் இருக்கைகளை நிரந்தரமாகக் கழற்றுவதும், கூரையை உயர்த்துவதும், உடலமைப்பை மாற்றுவதும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியில்லாமல் செய்யக்கூடாதவை. ஆகவே பின்னிருக்கையை மடித்து, அதன்மேல் மூன்று துண்டாக மடியும் பிளைவுட் பலகை ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டோம். பலகைக்கு அளவெடுக்கும்போது டேப்பை மட்டும் நம்பாமல் இருவரும் வண்டிக்குள் படுத்துப் பாருங்கள்; பின்கதவை மூடிய பிறகு கால் நீட்ட இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

படி 2: இரவு தங்கும் இடத்தை முதலில் முடிவு செய்தல்

மின் இணைப்பும் கழிவுநீர்க் குழாயும் வண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வெளிநாட்டு முகாம்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். காப்பித் தோட்டங்களில் கூடாரம் அடிக்க இடம் தருகிறவர்களிடமும், காலி நிலம் வைத்திருக்கும் விடுதிக்காரர்களிடமும் பேசித்தான் இடம் பிடிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள்ளோ அதன் சாலையோரத்திலோ வனத்துறை அனுமதியில்லாமல் இரவு தங்கக்கூடாது.

தொலைபேசியில் பேசும்போது கேட்டின் அகலம், மழை பெய்தால் சக்கரம் புதையாத தரையா, தண்ணீர்க் குழாய், இரவுக் காவல் ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். கழிப்பறை "பக்கத்துலயே இருக்குங்க" என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள். எங்களிடம் அப்படிச் சொன்ன ஓர் இடத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவே படியிறங்கி எண்ணிப் பார்த்தபோது 210 அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. நள்ளிரவில், மழையில், ஒற்றை டார்ச்சோடு அந்தத் தொலைவு இரட்டிப்பாகத் தெரிந்தது. எத்தனை அடி, இறக்கமா சமதளமா, விளக்கு உண்டா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

பருவமும் முக்கியம். கோடை மழை விழுந்த சில நாட்களில், மார்ச், ஏப்ரல் வாக்கில், காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து மலை முழுக்க மணக்கும். போவதானால் அப்போது போகலாம். மே மாதக் கோடைவிழா நாட்களில் கூட்டம் அதிகம். வடகிழக்குப் பருவமழையின்போது மலைச்சாலை நம்பிக்கைக்குரியதன்று. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

படி 3: வீட்டு வாசலில் ஒத்திகை

புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஓர் இரவு வண்டியை வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் தூங்குங்கள். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள், அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. கொசுவலை எந்த ஜன்னலில் பொருந்தவில்லை என்பதும், யார் ஓரமாகப் படுப்பது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

படி 4: மின்சாரம், தண்ணீர், எரிவாயு

மின்சாரக் கணக்கு எளிது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். அது ஈய-அமில பேட்டரியானால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால், நமக்குக் கிடைப்பது 600. 20 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 160, 5 வாட் எல்இடி விளக்குகள் இரண்டு 5 மணி நேரம் எரிந்தால் 50, கைபேசிகளுக்கு ஒரு 40 என்று ஓர் இரவுக்கு 250 ஆகிறது. ஆக, சார்ஜ் செய்யாமலே இரண்டு இரவுகள் தாங்கும். இண்டக்ஷன் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அது இந்த பேட்டரிக்குரியதன்று.

20 லிட்டர் கேன் இரண்டில் தண்ணீரும், 5 கிலோ சிறிய சிலிண்டரும், ஒற்றை அடுப்பும் போதும். பாரமானவை அனைத்தும் கீழே, பின்சக்கரங்களுக்கு முன்னால் இருக்கட்டும். கேனைக் கயிற்றால் கட்டாமல் விட்டால் மூன்றாவது வளைவிலேயே அது உருளத் தொடங்கும்.

படி 5: மலை ஏறுதல்

அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் சென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு அடையலாம். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழி சற்றுச் சுற்று, கூட்டம் குறைவு. பிற்பகல் 3 மணிக்குள் மேலே சேரும்படி கிளம்புங்கள். இருட்டிலும் பனியிலும் புதிய இடத்தில் வண்டியைப் பின்னோக்கி எடுப்பது தொடக்கக்காரர்கள் செய்யவேண்டிய வேலையன்று.

வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றாமல், நுழையும் முன்பே இரண்டாவதுக்கோ முதலாவதுக்கோ இறக்கிவிடுங்கள். வளைவு தெரியாத இடத்தில் ஹாரன் அடிக்க வேண்டும். குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்றாலும், எதிரே வருவது பேருந்தானால் உரிமை பேசாமல் ஒதுங்கி நிற்பதே நல்லது.

படி 6: நிறுத்தி மட்டம் பார்த்தல்

எல்லாவற்றிலும் பொறுமை வேண்டியது இதுதான். மலையில் சமமாகத் தெரியும் நிலம் பெரும்பாலும் சமமாக இராது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் படுக்கைப் பலகையின்மேல் நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கம் மேடு. எனவே எதிர்ப்பக்கச் சக்கரத்தின் கீழ் ஓர் அங்குலப் பலகையைச் செருகி, வண்டியை மெல்ல ஏற்றுங்கள். என் மனைவி உள்ளே ரசமட்டத்தோடு உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம், கொஞ்சம், போதும்" என்று சொல்ல, நான் வெளியே பலகையைப் பார்த்துக்கொண்டு இறங்கி ஏற, முதல் நாள் இதற்கு நாற்பது நிமிடம் பிடித்தது. மூன்றாம் நாள் பத்து நிமிடத்தில் முடித்தோம். முழு மட்டம் வரவில்லையென்றால் தலை மேட்டுப் பக்கமாக வரும்படி படுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கை பிரேக் போட்டு, வண்டியின் முகம் மேட்டைப் பார்த்தால் முதல் கியரிலும், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸிலும் விட்டு, சக்கரங்களின் பள்ளப் பக்கத்தில் கட்டை கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு தோட்டத்துக் காவல்காரர் வந்து மேலே அண்ணாந்து பார்த்தார். "சார், வண்டிய அந்தாண்ட தள்ளிப் போட்டுக்கோங்க. பலாப்பழம் பழுத்திருக்குதுங்க, ராத்திரி விழுந்தா கண்ணாடி தாங்காதுங்க" என்றார். கட்டையை எடுத்து, பலகையை எடுத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். மட்டம் பார்ப்பதற்கு முன் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். காய்ந்த கிளையும் பலாவும் ஒன்றுதான். மிச்ச உணவையும் வெளியே வைக்காதீர்கள். காட்டுமாடுகள் நடமாடும் மலை இது. இரவில் கண்டால் டார்ச் அடிக்காமல் உள்ளேயே இருங்கள்.

படி 7: சமைத்தலும் தூங்குதலும்

ஏற்காடு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இது தெரியாமல் திறந்த பாத்திரத்தில் வைத்த எங்கள் சோறு, வழக்கமான நேரம் தாண்டியும் நடுவில் நறுக்கென்றே இருந்தது. மறுநாள் குக்கருக்கு மாறினோம். அடுப்பை எப்போதும் வண்டிக்கு வெளியே, தார்ப்பாயின் கீழ், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வண்டியின் தரையில் தேங்கி நிற்கும். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைப்பதும், இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் உயிருக்கே ஆபத்தாகும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும் என்பதால் கம்பளி அவசியம். குளிர்கிறதே என்று ஜன்னல்களை முழுக்க அடைத்தால் இருவருடைய மூச்சும் கண்ணாடியில் நீராகக் கோத்து, விடியும்போது தலையணை நனைந்திருக்கும். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை ஓர் அங்குலம் திறந்து கொசுவலை மாட்டிவிடுங்கள்.

படி 8: பகல் பொழுதுகள்

இரண்டாம் நாள் வண்டியை அசைக்காதீர்கள். ஏரிக்கரையையும் ஊரையும் நடந்தோ ஆட்டோவிலோ பார்க்கலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் என் மனைவிக்குப் பிடித்தது. மூன்றாம் நாள் சேர்வராயன் கோயில் குகையைப் பார்த்துவிட்டு, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் 32 கிலோமீட்டர் வளையச் சாலையில் நிதானமாகச் சுற்றி, மாலைக்கு முன் இரண்டாவது முகாமுக்குப் போய்விடுங்கள்.

படி 9: இறங்குதல்

எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விடவே கூடாது. பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, ஆறும்வரை காத்திருங்கள். சக்கரத்தின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். குப்பை மூட்டை உங்களோடுதான் இறங்க வேண்டும்.

ஊருக்குள் வந்ததும் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். போன உடனே சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, கேன்களைக் கவிழ்த்து வைத்து, மெத்தையை மொட்டைமாடியில் வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த எங்கள் முதல் மெத்தையில் பத்தாம் நாள் பூஞ்சை பூத்திருந்தது.