ராணி எண்ட்கேமில் செக்கை மறைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிள்ளைகளுக்கு மைதானம் கிடையாது. வீட்டுக்குள் செஸ் போர்டுதான். நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் ஓப்பனிங்கை மளமளவென்று ஆடுவார்கள். ஆனால் எண்ட்கேமில், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், ஆளுக்கொரு ராணியும் தங்களிடம் ஒரு சிப்பாயும் மிஞ்சும்போது, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை டிரா ஆக்கிவிடுகிறார்கள். எதிராளி செக் மேல் செக் வைக்க, ராஜாவை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரே நிலை மூன்று முறை வந்தால் எதிராளி டிரா கேட்டுவிடலாம்.

இந்த ஓட்டம் முதல் தவறு. ராணியைக் குறுக்கே வைத்து எப்படியாவது மறைத்தால் போதும் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. மறைக்கிற ராணி எதிர் ராஜாவுக்குச் செக்கும் வைக்க வேண்டும்.

போர்டில் அடுக்கிப் பாருங்கள் (எழுத்து மேலும் கீழுமான வரிசை, எண் குறுக்கு வரிசை). வெள்ளை ராஜா ஜி5, ராணி ஈ6, சிப்பாய் ஜி7. கறுப்பு ராஜா ஏ4, ராணி பி1. கறுப்பு ராணி ஜி1-க்கு வந்து செக் வைக்கிறது. வெள்ளை ராணியை ஜி4-ல் வைத்து மறையுங்கள். நாலாவது வரிசை காலி, அதனால் ஏ4-ல் இருக்கும் ராஜாவுக்குச் செக். கறுப்பு ராணி வெட்டினால் வெள்ளை ராஜா திருப்பி வெட்டும். அப்புறம் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க ஆளில்லை. கறுப்பு ராஜா நகர்ந்தால் ஜி1 ராணி போச்சு. கறுப்பு ராணி டி4-ல் குறுக்கே வந்தாலும் சும்மா வெட்டலாம்.

கறுப்பு ராஜா ஏ1-ல் இருந்திருந்தால்? அதே ஜி4 நகர்வு செக் ஆகாது. கறுப்பு ராணி சி5-க்குப் போய் மறுபடி செக் வைக்கும்.

ஆகவே சிப்பாயைவிட்டு ராஜா நகரவே கூடாது என்று பயப்படாதீர்கள். எதிர் ராஜா நிற்கும் வரிசைக்கோ பக்கத்து வரிசைக்கோ உங்கள் ராஜாவைக் கொண்டுபோனால், மறைப்பதே செக் ஆகும் வாய்ப்பு கூடும். 1954 ஆம்ஸ்டர்டாம் செஸ் ஒலிம்பியாடில் பல்கேரிய ஆட்டக்காரர் மினெவுக்கு எதிராக அப்போதைய உலக சாம்பியன் போட்வின்னிக் ஜெயித்தது இப்படித்தான். ஜி வரிசைச் சிப்பாயை அது நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, ராஜாவை எதிர் ராஜா பக்கம் நடத்தினார். அந்த ஆட்டத்தை ஒருமுறை ஆடிப் பார்க்காத பிள்ளையை நான் போட்டிக்கு அனுப்புவதில்லை.

மறைக்கும் கட்டம் உங்கள் ராஜாவை ஒட்டியோ சிப்பாயின் காவலிலோ இருக்கட்டும். தள்ளிப்போய் மறைத்தால் ராணி வெட்டுப்படும். மற்ற நேரத்தில் ராணி நடுவில் நிற்கட்டும்: காலி போர்டில் டி4-லிருந்து 27 கட்டங்களைப் பார்க்கும், மூலையிலிருந்து 21 தான். ராணிகளை மாற்றும் முன் எதிர் ராஜா சிப்பாயைப் பிடிக்குமா என்று எண்ணிவிடுங்கள்.

தோற்கும் பக்கம் நீங்கள் என்றால் எல்லாம் தலைகீழ். வெள்ளையின் ஜி சிப்பாய்க்கு எதிராக உங்கள் ராஜா ஏ1 மூலைப் பக்கம் இருப்பது நல்லது. செக் வைக்கும் முன், எதிராளி எங்கே மறைப்பார், அங்கிருந்து உங்கள் ராஜாவுக்குச் செக் விழுமா என்று பாருங்கள். மேலே சொன்ன நிலையில் ஜி1-க்குப் பதில் சி1-ல் செக் வைத்திருந்தால், வெள்ளைக்கு மறைத்துச் செக் கொடுக்க வழியே இல்லை.