முதல் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? பையில் இரண்டு ஒரு ரூபாய் நாணயம் இருக்கட்டும்

என் முதல் கிட்டாரை ஆன்லைனில் படம் பார்த்து வாங்கினேன். பளபளவென்று நீல நிறம். இரண்டே வாரத்தில் விரல் நுனி கன்றிப்போய், நமக்கு இது வராது என்று பரண்மேல் போட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து அதைப் பார்த்த பழுதுபார்ப்பவர், "தம்பி, கம்பி இவ்வளவு ஒசரத்துல இருந்தா யாருக்கும் வராது" என்றார். கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைத் துண்டை, அதாவது சேடிலை, அடியில் தேய்த்துக் கம்பியை இறக்கிக் கொடுத்தார். அன்று மாலையே சி கார்டு (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு) சுத்தமாகக் கேட்டது.

அதனால் முடிந்தவரை கடைக்கு நேரில் போங்கள். சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலையில், 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடை உண்டு. மற்ற ஊர்களில் இருப்பவர்கள், பக்கத்தில் எடுத்து வாசித்துப் பார்க்க விடும் கடையைத் தேடுங்கள்.

முதலில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். சினிமாப் பாட்டுக்குக் கார்டு பிடித்து வாசிக்க ஸ்டீல் கம்பி கிட்டார். நைலான் கம்பி விரலுக்கு மென்மை, ஆனால் நெக் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து) அகலம். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மட்டும் மாட்டிவிடாதீர்கள், இழுவிசை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

அடுத்து அளவு. உட்கார்ந்து மடியில் வையுங்கள். வலது தோள் தூக்கிக்கொண்டு நின்றால் டிரெட்நாட் எனப்படும் பெரிய உடல் கிட்டார் உங்களுக்குப் பெரிது. சின்ன உடல் உள்ளதைக் கேளுங்கள்.

சரி, இப்போது நாணயம். ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட். 12ஆவது ஃபிரெட்டின் மேல், தடித்த கம்பிக்கு அடியில் அதைப் படுக்கவைத்துத் தள்ளுங்கள். ஒன்று தாராளமாகப் போய், இரண்டாவதை மேலே அடுக்கினால் கம்பியில் இடிக்க வேண்டும். இரண்டும் சுலபமாக நுழைந்தால் உயரம் அதிகம்.

பிறகு ஆறு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். எங்காவது 'ஸ்ர்ர்' என்று இரைகிறதா? போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து, கம்பியை வெறுமனே மீட்டி ஸ்ருதி சேர்த்துவிட்டு, 12ஆவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். முள் தெளிவாக விலகினால் அந்தக் கிட்டார் வேண்டாம், எவ்வளவு ட்யூன் செய்தாலும் கார்டு பிசிறடிக்கும். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். ஃபிரெட் முனை கீறினால் அதையும் விடுங்கள். நெக்குக்கு உள்ளே ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாளடைவில் நெக் வளைந்தால் சரிசெய்ய அதுதான் வழி.

உடல் அடுக்குப் பலகையா, முழுப் பலகையா என்று கவலைப்படாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அடுக்குப் பலகையே தாங்கும். கட்அவே (நெக் பக்கம் உடலில் வெட்டிய வளைவு), பிக்கப் (ஒலிபெருக்கியில் இணைக்க உதவும் கருவி) இரண்டும் இப்போதைக்கு வீண் செலவு. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் யமஹா எஃப்280, எஃப்310 இரண்டையும் தயங்காமல் சொல்வேன்.

பில் போடும் முன், கம்பியை இறக்கி, 10 கேஜ் என்ற மெல்லிய கம்பி மாட்டித் தரச் சொல்லுங்கள். அப்புறம் நாணயத்தை இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.